சாமும் டயானும்: ஒரு ஜோடியின் ஈர்ப்பு எதனால் ஆனது?

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1982 செப்டம்பர் 30 இரவு ‘சியர்ஸ்’ என்ற நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. பார்வையாளர் கணக்கெடுப்பில் 77 நிகழ்ச்சிகளில் அதற்குக் கிடைத்தது 74ஆவது இடம். 1993 மே 20 அன்று ஒளிபரப்பான கடைசி எபிசோடை 8 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். இடைப்பட்ட 11 சீசன்களில் அந்தத் தொடர் பல விருதுகளை வாங்கியது, பல நடிகர்களை வளர்த்தது. ஆனால் ரசிகர்கள் இன்றுவரை விடாமல் பேசுவது அதன் முதல் ஐந்து ஆண்டுகளில் வந்த ஒரு ஜோடியைப் பற்றித்தான்.

பாஸ்டன் நகரத்தில் ஒரு மதுக்கூடம். அதன் உரிமையாளன் சாம் மலோன். ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் முன்னாள் பந்துவீச்சாளன், குடியிலிருந்து மீண்டவன், பெண்களை மயக்குவதில் பேர்போனவன். அங்கே பரிமாறும் வேலைக்கு வந்து சேர்கிறாள் டயான் சேம்பர்ஸ். நிறையப் படித்தவள், படித்ததை எல்லாரிடமும் சொல்லாமல் இருக்க முடியாதவள். டெட் டேன்சனும் ஷெல்லி லாங்கும் நடித்த இந்த இருவரும் ஐந்து ஆண்டுகள் சண்டையிட்டார்கள், சேர்ந்தார்கள், பிரிந்தார்கள். இன்று எந்தத் தொடரில் நாயகனும் நாயகியும் வாக்குவாதத்தின் நடுவே காதலித்தாலும், அமெரிக்க விமர்சகர்கள் அவர்களைச் ‘சாம்–டயான்’ ஜோடி என்றே சொல்லிவிடுகிறார்கள்.

ரசிகர்களின் வாதங்கள் பல வகை. இது இரண்டு நடிகர்களின் ராசி என்பது ஒன்று. எதிரெதிர் குணங்களின் ஈர்ப்பு என்பது இன்னொன்று. சேர்த்துவைத்தால் சுவை போய்விடும் என்கிறார்கள் ஒருசாரார். இதைக் காதல் என்று கொண்டாடுவதே தவறு என்கிறார்கள் வேறு சிலர். டயான் போன பிறகுதான் தொடர் மேலும் நன்றாக இருந்தது என்பவர்களும் உண்டு. இந்த ஐந்தையும் வரிசையாக எடுத்துப் பார்த்தால், அவற்றுக்கு அடியில் இருக்கும் பொதுவான கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கிறது.

ஜோடி உருவான விதம்

கிளென் சார்லஸ், லெஸ் சார்லஸ் என்ற சகோதரர்களும் இயக்குநர் ஜேம்ஸ் பரோஸும் சேர்ந்து உருவாக்கிய தொடர் இது. மூவரும் அதற்கு முன் ‘டாக்ஸி’ தொடரில் வேலை பார்த்தவர்கள். ஸ்பென்சர் ட்ரேசியும் கேத்தரின் ஹெப்பர்னும் இணைந்து நடித்த பழைய படங்களின் வாய்ச்சண்டைக் காதல் அவர்கள் மனத்தில் இருந்தது. 1934இல் வந்த ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’ போன்ற படங்களில் செழித்த மரபு அது. அதன் வேரைத் தேடிப் போனால் ஷேக்ஸ்பியரின் பியாட்ரிஸ்–பெனடிக் ஜோடி வரைக்கும் போகலாம்.

நாடகத்துக்கும் சினிமாவுக்கும் இல்லாத சிக்கல் ஒன்று தொலைக்காட்சித் தொடருக்கு உண்டு. மேடையில் கல்யாணம் முடிந்ததும் திரை விழுந்துவிடும். தொடர் அடுத்த வாரமும் வந்தாக வேண்டும். ஆண்டுக்கு இருபதுக்கு மேற்பட்ட எபிசோடுகள். எத்தனை ஆண்டு ஓடும் என்பது எழுதுகிறவர்களுக்கே தெரியாது. ஊடலை எவ்வளவு காலம் நீட்டலாம், கூடிய பிறகு என்ன எழுதுவது என்ற கேள்வி இந்த வடிவத்தோடு பிறந்தது. ரசிகர்களின் வாதம் அத்தனையும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

‘எல்லாம் நடிகர்களின் ராசி’

முதல் வாதத்துக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. சாமுக்கும் டயானுக்கும் நடிகர்களைத் தேடியபோது தனித்தனியாக மட்டும் பார்க்கவில்லை. ஜோடி ஜோடியாக நிறுத்தி நடிக்கவைத்துப் பார்த்தார்கள். டேன்சனும் லாங்கும் அப்படித்தான் தேர்வானார்கள். சாம் முதலில் அமெரிக்கக் கால்பந்து வீரனாகவே எழுதப்பட்டிருந்தான். டேன்சனின் ஒல்லியான உடல்வாகுக்கு அது பொருந்தாது என்பதால் பேஸ்பால் வீரனாக மாற்றினார்கள். பாத்திரத்தையே மாற்றும் அளவுக்கு அந்த ஜோடியின் மேல் நம்பிக்கை இருந்தது. முதல் சீசனுக்கே லாங்குக்கு எம்மி விருது கிடைத்தது.

இருந்தாலும் ராசி என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், அந்த ஈர்ப்பைக் கட்டிய கைகள் நம் கண்ணில் படாமல் போய்விடும். அரங்கத்தின் அமைப்பைக் கவனியுங்கள். சாம் பெரும்பாலும் கவுன்ட்டருக்கு உள்ளே நிற்கிறான். டயான் தட்டோடு வெளியே நிற்கிறாள். ஊர்க்கதை பேசும் வாடிக்கையாளர்கள் சுற்றிலும் இருக்க, இருவருக்கும் நடுவில் எப்போதும் அந்த மரப்பலகை. தனியே பேச வேண்டுமானால் சாமின் அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும். முதல் சீசன் முழுவதும் கதை மதுக்கூடத்தை விட்டு வெளியே போகவே இல்லை. அதனால் கவுன்ட்டரைத் தாண்டி ஒருவர் வந்தாலே அது ஒரு நிகழ்ச்சி; அறைக்கதவு சாத்தப்பட்டால் அது பெரிய நிகழ்ச்சி. அந்த சீசனின் இறுதியில் வரும் முதல் முத்தம் அந்த அறையில்தான் நடக்கிறது.

இன்னொன்று, எதிரே உட்கார்ந்திருந்த பார்வையாளர்கள். பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, மேடை நாடகம்போலக் காட்சியைத் தொடர்ச்சியாக நடித்துப் படம்பிடித்தார்கள். கூட்டம் எங்கே சிரிக்கிறது, எங்கே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது என்பது நடிகர்களுக்கு அந்தக் கணமே தெரியும். சிரிப்பு அடங்கும்வரை ஒருவரை ஒருவர் பார்த்தபடி காத்திருக்க வேண்டும். ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பூரிக்கும் அந்தப் பார்வைகளில் பாதி, இந்தக் காத்திருப்பில் விளைந்தவை.

நிஜ வாழ்க்கைக்கும் திரைக்கும் நேர்க்கோடு போட முடியாது என்பதற்கு இன்னும் பழைய சாட்சி உண்டு. 1951 முதல் 1957 வரை ஓடிய ‘ஐ லவ் லூசி’யில் லூசில் பாலும் டெசி ஆர்னாஸும் கணவன் மனைவியாக நடித்தார்கள், நிஜத்திலும் அவர்கள் தம்பதிதான். கியூபாவில் பிறந்த ஒருவரை லூசியின் கணவராக மக்கள் ஏற்பார்களா என்று சிபிஎஸ் நிறுவனம் தயங்கியபோது, பால் உறுதியாக நின்று அவரை நடிக்கவைத்தார். திரையில் அந்தத் தாம்பத்தியம் நாட்டுக்கே செல்லமானது. வீட்டில் அது நிலைக்கவில்லை; 1960இல் விவாகரத்து ஆனது. திரையில் தெரிந்த நெருக்கம் உழைத்து உண்டாக்கிய ஒன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

‘எதிரெதிர் குணங்கள் ஈர்க்கும்’

இரண்டாவது வாதம் இன்னும் பரவலானது. படிக்காதவன், படித்தவள், உடலால் வாழ்பவன், புத்தகத்தால் வாழ்பவள், உழைப்பாளி வர்க்கத்து மதுக்கூடம், வசதியான வீட்டுப் பெண். இந்த முரண் சிரிப்பைத் தரும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முரண் மட்டுமே போதும் என்றால், தொலைக்காட்சியில் தோற்றுப்போன நூற்றுக்கணக்கான ஜோடிகளும் வென்றிருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் மட்டம்தட்டும் வசனம் மூன்றாவது வாரத்தில் அலுத்துவிடும்.

சாம்–டயான் காட்சிகளில் ஆழமாக வேலை செய்வது வேறொன்று என்பது என் முடிவு. இருவரும் ஒருவருக்கு ஒருவர் சாட்சி. மற்றவர்களிடம் மறைத்ததை எதிரில் இருப்பவர் பார்த்துவிட்டார் என்பதுதான் அவர்களை இழுக்கிறது, அதுவேதான் அவர்களை மிரளவும் வைக்கிறது.

முதல் எபிசோடிலேயே இது தொடங்கிவிடுகிறது. டயான் தன் பேராசிரியர் சம்னர் ஸ்லோனைக் கல்யாணம் செய்துகொள்ளக் கிளம்பி வழியில் அங்கே வருகிறாள். பாட்டியின் மோதிரத்தை முன்னாள் மனைவியிடமிருந்து வாங்கி வரப் போன சம்னர், அவளோடு போயே விடுகிறார். அந்த அவமானத்தை நேரில் பார்த்தவன் சாம். அவளுக்கு வேலை தருகிறவனும் அவன்தான். டயான் பிறகு எத்தனை கவிஞர்களை மேற்கோள் காட்டினாலும், அந்த மாலை அவள் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்பது அவனுக்குத் தெரியும்.

சாமின் பக்கத்து சாட்சியம் அதே சீசனின் ‘எண்ட்லெஸ் ஸ்லம்ப்பர்’ எபிசோடில் வருகிறது. தன் ராசிப் பொருளான ஒரு பாட்டில் மூடியை, ஆட்டம் சரியில்லாமல் தவிக்கும் ஒரு பந்துவீச்சாளனுக்குச் சாம் கொடுக்கிறான், அது தொலைந்துபோகிறது. அவன் கடைசியாகக் குடித்த பீர் பாட்டிலின் மூடி அது என்ற உண்மை டயானிடம் மட்டுமே வெளிப்படுகிறது. எல்லாரும் போன பிறகு அவன் ஒரு பாட்டிலைத் திறந்து கோப்பையில் ஊற்றுகிறான். எந்நேரமும் பேசிக்கொண்டிருக்கும் டயான் வாய் திறக்காமல் நிற்கிறாள். அவன் கோப்பையைக் கவுன்ட்டரின் மேல் தள்ளிவிடுகிறான். அது வழுக்கிக்கொண்டு போய் மூலையில் வளைந்து திரும்புகிறது. புதிய மூடி அவன் கையில் மிஞ்சுகிறது. முத்தம் இல்லை, காதல் வசனம் இல்லை. ஆனாலும் இந்த ஜோடியை நேசிப்பவர்களில் பலருக்கு உயிரான காட்சி இது. அவன் விழுந்திருந்தால் பார்க்க அவள் ஒருத்திதான் இருந்தாள். அவன் விழாததைப் பார்த்ததும் அவள்தான்.

இந்த அளவுகோல் மற்றத் தொடர்களிலும் பொருந்துகிறது. ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரில் 1996 பிப்ரவரியில் வந்த எபிசோடில், ஒரு பழைய வீடியோ ஓடுகிறது. பள்ளி நடனத்துக்கு அழைத்துப் போக வேண்டியவன் வராமல் ரேச்சல் அழுதுகொண்டிருந்த இரவில், ராஸ் அவளுக்காகக் கோட்டு மாட்டித் தயாராகி நின்றான் என்பது அதில் பதிவாகியிருக்கிறது. ரேச்சல் எழுந்து நேரே போய் அவனை முத்தமிடுகிறாள். பிரிட்டனின் ‘தி ஆபீஸ்’ 2003 கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடில், ஓவியராகும் ஆசையைக் கைவிட்ட டானுக்கு டிம் பெயர் சொல்லாமல் கொடுப்பது ஒரு வண்ணப்பெட்டி. அவள் பொட்டலத்தைப் பிரிக்கும்போது வேறொருவனோடு காரில் போய்க்கொண்டிருக்கிறாள், திரும்பி வந்துவிடுகிறாள். இரண்டு இடத்திலும் நம்மை உலுக்குவது குணவேறுபாடு அல்ல. தன்னை ஒருவர் இத்தனை நாளும் கவனித்திருந்தார் என்று ஒருத்திக்குத் தெரியவருவதுதான்.

‘சேர்ந்தால் சுவை போய்விடும்’

மூன்றாவது வாதத்துக்கு ஒரு பெயர்பெற்ற உதாரணம் உண்டு: ஏபிசியில் 1985 முதல் 1989 வரை ஓடிய ‘மூன்லைட்டிங்’. புரூஸ் வில்லிஸும் சிபில் ஷெப்பர்டும் நடித்த துப்பறியும் ஜோடி 1987 மார்ச் 31 எபிசோடில் கூடியது. இரண்டே ஆண்டுகளில் தொடர் நின்றது. அன்றிலிருந்து, காதலர்களைச் சேர்த்தால் தொடர் செத்துவிடும் என்பது எழுத்தாளர்களிடையே ஒரு சாபம்போலப் பேசப்படுகிறது.

நடந்தவற்றை வரிசைப்படுத்தினால் அந்த முடிவு நிற்பதில்லை. அடுத்த சீசனில் ஷெப்பர்ட் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்திருந்தார். அவர்கள் 1987 அக்டோபரில் பிறந்தார்கள். வில்லிஸ் ‘டை ஹார்ட்’ படத்தில் நடிக்கப் போனார். இருவரும் ஒன்றாக வரும் காட்சிகள் அருகிப்போயின. தொடரை உருவாக்கிய கிளென் கார்டன் கேரன் விலகினார். 1988இல் எழுத்தாளர் வேலைநிறுத்தம் வேறு. ஜோடி கூடியதால் தொடர் விழுந்தது என்பதைவிட, ஜோடியை ஒரே சட்டகத்தில் பார்க்கவே முடியாமல் போனதால் விழுந்தது என்பதே பொருத்தம்.

‘சியர்ஸ்’ இந்தச் சாபத்துக்கு நேர் மறுப்பு. முதல் சீசன் முடிவிலேயே ஜோடியைச் சேர்த்துவிட்டார்கள். இரண்டாவது சீசன் முழுவதும் அவர்கள் காதலர்கள்தான். அந்த இரண்டு சீசன்களுக்குமே சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி கிடைத்தது. சேர்ந்த பிறகும் கேள்வி மிச்சமிருந்தது: என்னை இவ்வளவு தெரிந்த ஒருவரோடு என்னால் வாழ முடியுமா?

கேள்வி தீர்ந்த இடத்தில்தான் தொடர்கள் தளர்கின்றன. ‘ஃப்ரேசியர்’ தொடரில் நைல்ஸ் தன் காதலை டாஃப்னியிடம் சொல்லாமலே ஏழு சீசன்களை ஓட்டினான். 2000 மே மாதம் அவர்கள் சேர்ந்த பிறகு சில ரசிகர்களுக்குச் சப்பென்றானது. காதல் ஒருதலையாகவே இருந்ததால், டாஃப்னிக்கு இதில் என்ன பணயம் என்பதை எழுத்தாளர்கள் அதுவரை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அமெரிக்க ‘தி ஆபீஸ்’ தொடரில் ஜிம்மும் பேமும் 2009 அக்டோபரில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதன் பிறகு அவர்கள் பல காலம் பின்னணிக்குப் போனார்கள். கடைசி சீசனில் ஜிம் வேறு நகரத்தில் தொடங்கிய தொழில் அந்தக் குடும்பத்தை உலுக்கியபோது, ரசிகர்கள் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்து பக்கம் பிரிந்து வாதாடினார்கள். அந்தக் காட்சிகள் வலித்தன. வலித்ததே அந்த ஜோடிக்கு உயிர் திரும்பியதன் அடையாளம்.

‘இது காதலே இல்லை’

நான்காவது வாதத்தை லேசாகக் கடந்து போகக் கூடாது. முதல் முத்தத்துக்கு முன் சாம் டயானை அடிப்பேன் என்கிற தொனியில் மிரட்டுகிறான். இரண்டாவது சீசன் இறுதியில் இருவரும் மாறி மாறி அறைந்துகொள்கிறார்கள், மூக்கைப் பிடித்துத் திருகுகிறார்கள். அன்றைய கூட்டம் அதற்குச் சிரித்தது. இன்று முதன்முறையாகப் பார்ப்பவர்கள் அதிர்ச்சி அடைகிறார்கள். அவர்களுடைய அதிர்ச்சி நியாயமானது. மிரட்டலைக் காதலின் சூடு என்று காட்டும் பழக்கம் அந்தக் காலத்துத் திரைக்கதைகளில் ஊறியிருந்தது. சிறந்த தொடர் என்பதற்காக அதை மன்னித்துவிட வேண்டியதில்லை.

அதே எபிசோடின் முடிவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். டயானின் உருவத்தை ஓர் ஓவியர் வரைந்திருக்கிறார். அந்த ஓவியத்தின் அருமை சாமுக்குப் புரியாது என்பது ஓவியரின் எண்ணம். அவள் பிரிந்து போன பிறகு, சாம் தனியாக அதன் உறையைப் பிரித்துப் பார்க்கிறான். நமக்கு அது காட்டப்படுவதில்லை. அவன் முகம் மட்டுமே தெரிகிறது. வியப்பில் அவன் வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வருகிறது. அவளைப் பார்க்கத் தெரிந்தவன்தான், ஆனால் அவள் எதிரில் இருக்கும்போது அதைச் சொல்லத் தெரியாதவன். இவர்களை முன்மாதிரித் தம்பதி என்று கொண்டாடுகிறவர்கள் தொடரைத் தவறாகப் படிக்கிறார்கள். இவர்களிடம் ஒன்றுமே இல்லை என்று தள்ளுகிறவர்களும் அப்படியே. தெரிந்துகொள்வது வேறு, பேணத் தெரிவது வேறு என்பதை இந்த ஜோடியைப்போல் காட்டிய நகைச்சுவைத் தொடர்கள் குறைவு. மூன்றாவது சீசன் தொடங்கும்போது சாம் மறுபடி குடியில் விழுந்துகிடக்கிறான். அவனை மீட்க டயான் அழைத்து வரும் மனநல மருத்துவர் ஃப்ரேசியர் கிரேன், அவளுடைய புதிய காதலர். காயத்தின் விலையைத் தொடர் மறைக்கவில்லை.

‘டயான் போன பிறகுதான் நன்றாக இருந்தது’

1987இல் ஷெல்லி லாங் தொடரிலிருந்து விலகினார். மே 7 அன்று வந்த எபிசோடில் மதுக்கூடத்திலேயே கல்யாண ஏற்பாடு. பாதியில் நின்றுபோன டயானின் நாவலுக்கு ஒரு வாய்ப்பு வந்திருப்பதாகச் செய்தி வருகிறது. ஆறு மாதத்தில் எழுதி முடித்துவிட்டுத் திரும்புவதாக அவள் சொல்கிறாள். திரும்ப மாட்டாள் என்று தெரிந்தே சாம் வழியனுப்புகிறான். ரகசியம் கசியாமல் இருக்க, கல்யாணம் நடப்பதாக இன்னொரு முடிவையும் கூட்டத்தின் முன் படமாக்கினார்கள். ஒளிபரப்பானது பிரிவுதான்.

அடுத்து வந்த கிர்ஸ்டி ஆலியின் ரெபெக்கா ஹோவை வைத்து அதே ஆட்டத்தை ஆட எழுத்தாளர்கள் முயலாமல் இல்லை. பின்னாளில் சாமும் ரெபெக்காவும் குழந்தை பெற்றுக்கொள்ளத் திட்டமிடும் கதைகூட வந்தது. அதைப் பாதியில் கைவிட்டார்கள். ரெபெக்காவின் பலம் வேறு இடத்தில் இருந்தது. அவளுடைய தடுமாற்றம் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று. அதைச் சாம் மட்டும் பார்த்துவிட்டதாக ஒரு கணம் எழ வழியில்லை. தொடர் கூட்டுக் குடும்பம்போல விரிந்து, 1990–91 சீசனில் நாட்டின் முதலிடத்தைப் பிடித்தது. அந்தக் கட்டத்தை அதிகம் ரசிப்பவர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு ஜோடியின் ஈர்ப்பு தொடருக்கு உயிர் கொடுக்கலாம். ஆனால் தொடரின் உயிர் அது ஒன்றிலேயே இல்லை.

1993 இறுதி எபிசோடில் டயான் திரும்பி வருகிறாள். மறுபடி கல்யாண முடிவு, விமானம் வரை போகிறது. அங்கே இருவருக்கும் சந்தேகம் வந்து பிரிகிறார்கள். அவர்களைச் சேர்த்திருக்க வேண்டும் என்று ஏங்குகிற ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்த இடத்தில் ‘ஃப்ரெண்ட்ஸ்’ 2004 மே 6 முடிவை அருகில் வைத்துப் பார்க்கலாம். பாரிஸில் கிடைத்த வேலையை விட்டு விமானத்திலிருந்து இறங்கி வந்த ரேச்சலை 5 கோடிப் பேர் கண்ணீரோடு வரவேற்றார்கள். பிறகு வந்த தலைமுறை, அவள் அந்த வேலைக்குப் போயிருக்க வேண்டும் என்று வாதாடுகிறது. டயானை அனுப்பிவைத்த சாம் அந்தக் கேள்விக்கு 17 ஆண்டுகள் முன்பே பதில் சொல்லிவிட்டான். அவளுக்குள் ஓர் எழுத்தாளர் இருப்பதை நம்பியவன், அவளைப் பிடித்துவைத்தால் தான் கண்டதையே பொய்யாக்கிவிடுவான்.

வாதங்களைத் தொகுத்தால்

ஐந்து வாதங்களிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. நடிகர்கள் இல்லாமல் இந்த ஜோடி இல்லை. ஆனால் மேடையும் எழுத்தும் அவர்களுக்கு இடம் கொடுத்தன. முரண் சிரிப்பைத் தந்தது. சாட்சியாக நின்றது நெஞ்சைத் தொட்டது. கூடுவது தொடரைக் கொல்லவில்லை. பணயம் தீர்ந்துபோவதுதான் கொல்கிறது. அவர்கள் ஒருவரை ஒருவர் காயப்படுத்தியது உண்மை. அதைக் கண்டிக்கும் இன்றைய ரசிகர்கள் தொடரை ரசிக்கத் தெரியாதவர்கள் அல்ல, இன்னும் கூர்மையாகப் பார்ப்பவர்கள்.

ஒரு நகைச்சுவைத் தொடரின் காதலைப் பற்றி நாற்பது ஆண்டுகளாக வாதாடுவது வீண்பொழுது என்று எண்ணுவோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இந்த வாதங்களில் சாதாரணப் பார்வையாளர்கள் நாடகக்கலையின் அடிப்படைகளைத் தாங்களாகவே கற்றுக்கொள்கிறார்கள். சேர்ந்தார்களா, பிரிந்தார்களா என்று கேட்கத் தொடங்கியவர்கள், காதலிப்பவர் இன்னொருவரை எவ்வளவு அறிய வேண்டும், அறிந்த பிறகு என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்ற கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். இனி வரும் எந்தத் திரை ஜோடியையும் அந்தக் கேள்வியை வைத்தே எடைபோடலாம். சாமும் டயானும் அதற்குத் தப்பும் தவறுமாகப் பதில் சொன்னார்கள். ஆனால் ஐந்து ஆண்டுகள் ஒருமுறைகூடக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. அவர்களை இன்னும் பேசவைப்பது அந்த நேர்மைதான்.